கிணற்றடிப் பூட்டு

மோட்டார் பில் ஏழாயிரம்.
நாவாந்துறைப் பங்குச் சபையில் நான்தான் சொன்னேன்:
"கேற்றைப் பூட்டுவம்.
ஊர் முழுக்க எங்கட கிணத்திலதானே அள்ளுது."
ஒருவரும் மறுக்கவில்லை.
சுற்றிவர எல்லாம் உப்புக் கிணறுகள்தான்,
ஆனாலும் கணக்கு கணக்கு.

பெரிய பூட்டாக வாங்கினேன்.
விடியப்புறம் பக்கத்து ஒழுங்கை நபீசா
வெறுங்குடத்தோடு வந்து நின்று
பார்த்துவிட்டுப் போனாள்.
கேட்டிருந்தால் சொல்லப் பதில் வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.

பெரிய சனி இரவு கரண்ட் போனது.
தொட்டி வறண்டு கிடக்கிறது,
கையில் மெழுகுதிரியோடு சனம்,
மந்திரிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
பாதர் என்னைப் பார்த்தார்.
கப்பியில் கயிறும் இல்லை;
மோட்டார் வந்தபிறகு ஆர் கயிறு வைத்திருக்கினம்?

நபீசாவின் படலையைத் தட்டினேன்.
தன் உப்புக் கிணற்றின் கயிற்றை அவிழ்த்து
வாளியோடு தந்தாள்.
ரோச் பிடிக்க மகன் ரிஸ்மியையும் அனுப்பினாள்.
"திறப்பு உங்களிட்டத்தானே?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அந்த வாளித் தண்ணீரில்தான்
சிங்கராயரின் கடைசிப் பெட்டைக்கு ஞானஸ்நானம்.
தலையில் ஊற்ற, வீரிட்டாள்.
வாசலில் நின்ற ரிஸ்மி சிரித்துவிட்டான்.

கூட்டக் குறிப்பேட்டில்
தீர்மானம் இன்னும் வெட்டப்படவில்லை.
பூட்டைத்தான் காணோம்.
நபீசாவுக்குப் புது வாளி வாங்கிக் கொடுத்தோம்.
பழையது கிணற்றுக் கட்டில் கிடக்கிறது,
கயிற்றோடு.