இரண்டாம் குரல்

காம்பாய்க் கடை பிரவுசிங் சென்டரில்
கரண்ட் போய்ப் போய் வருகிறது.
'முதன்மைப் பாடம்? வாய்ப்பாட்டா, கருவியா?'
வாய்ப்பாட்டு என்றேன்.
'அதில் எந்த வகை?'
ஆல்ட்டோ.
மோகன்தாஸ் அண்ணன் திரும்பிப் பார்க்காமல்
ஆட்டோ என்று அடித்தார்.
அழிக்கச் சொன்னேன்.
அழித்துவிட்டு, அப்படின்னா என்ன என்றார்.

சொல்வது எளிதாக இல்லை.
பதினோரு வயதிலிருந்து
சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை,
தூணை ஒட்டி நிற்கிறேன்.
பாட்டு என்று நீங்கள் எதை
முணுமுணுத்தபடி வீட்டுக்குக் கொண்டுபோவீர்களோ
அதை ஒருநாளும் நான் பாடியதில்லை.
அது ஜெஸ்கலாவின் வேலை.
அவள் ஏறுவாள், இறங்குவாள்,
உச்சியில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டும் வருவாள்.
நான் ஒரே ஸ்வரத்தில்
ஒன்பது அசை நின்று
அரைப்படி இறங்கி
பழைய இடத்துக்கே திரும்புவேன்,
சில்லறை இல்லையென்று கடையிலிருந்து வந்துவிட்டவள் மாதிரி.
நான் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.
ஏதோ குளிர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று கல்லூரிகள்.
கோவையில் விடுதிக்கட்டணம் குறைவு.
ஆனால் அங்கே எல்லாரும் ஒரே வரியைத்தான் பாடுவார்களாம்,
பக்கத்தில் இன்னொரு வரி கிடையாதாம்.
சென்னையில் மேற்கத்திய இசை உண்டு;
பியானோ ஐந்தாம் கிரேடு கேட்கிறார்கள்.
எங்களிடம் இருப்பது கீபோர்டு,
அதிலும் ஒரு கட்டை ஈரத்தில் செத்து இரண்டு வருடம்.
பெங்களூரின் கட்டணத்தைப் பார்த்த அப்பா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
பிறகு பச்சைத் தேயிலை கிலோ என்ன விலையென்று
எனக்கும் தெரிந்ததை எனக்கே சொன்னார்.
ஊட்டியில் பி.காம். இருக்கே என்றாள் அத்தை.
அவள் சொன்னதில் தவறே இல்லை,
அதுதான் கோபம்.

மூன்று கையேட்டிலும் ஒரே வாக்கியம்:
தேர்வுக்கு வருபவர் தனியாக ஒரு பாடல் பாட வேண்டும்.

தனியாக.

முந்தாநாள் டானிங்டன் இறக்கத்தில்
பஸ் வராத நேரத்தில் பாடிப் பார்த்தேன்,
என் வரியை மட்டும்.
வீடில்லாத இடத்தில்
கதவு நிலையை மட்டும் நட்டுவைத்தது போல்
இந்தப் பக்கமும் வெளி, அந்தப் பக்கமும் வெளி.
தேயிலைக்குள் நின்ற காட்டெருமை
தலையைத் தூக்கிவிட்டு மறுபடி மேய்ந்தது.
கீழே ஃபேக்டரியில்
இலை வாட்டும் காற்றாடிகள் ஓடத் தொடங்கின.
இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே ஓர் உறுமல்,
எந்தக் கீபோர்டிலும் இல்லாத இடம்.
அதன்மேல் என் வரியை வைத்தேன்.
கொஞ்சம் நின்றது.

ஜெஸ்கலாவுக்கு நர்சிங் கிடைத்துவிட்டது.
உன் வரியைச் சொல்லிக்கொடு என்றேன்.
ஏழு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டதுதானே, சிரித்தாள்.
கேட்டதுதான். வாயில் வரவில்லை.
நான்காவது சொல்லில்
கால் பழகிய சந்தில் திரும்புவதுபோல்
குரல் என் வரிக்கே போய்விடுகிறது.
சரி, உன்னுடையதை நான் பாடுகிறேன் என்று
அவள் முயன்றாள். பிடிபடவில்லை.
இவ்வளவு கஷ்டமாடி இது, என்றாள்.
அதைக் கேட்க நன்றாக இருந்தது.

'விருப்ப வரிசை சொல்லும்மா,
ஆதார் திருத்தத்துக்கு ஆள் நிக்கிறாங்க.'
சென்னை ஒன்று.
கோவை இரண்டு.
பி.காமை நேற்றே போட்டாயிற்று;
அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது.
'தேர்வில் பாடப்போகும் பாடல்?'
முதல் வரியைச் சொன்னேன்.
அட, இது தெரியுமே என்றார்,
டிசம்பரானால் உங்க மைக்செட்டில் கேட்பதுதான்,
ஜெஸ்கலாவின் வரியை முனகிக்கொண்டே அடித்தார்.
சமர்ப்பிக்கும் முன்னால் கரண்ட் போனது.
யுபிஎஸ் கூவுகிறது, ஐந்து நிமிடம் தாங்குமாம்.
வெளியே பஸ் ஸ்டாண்டை மூடுபனி எடுத்துக்கொண்டுவிட்டது.
அவர் இன்னும் நிறுத்தவில்லை,
இரண்டு இடத்தில் தப்பாக.
வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் நினைத்தேன்.