பத்து நொடி

வால்டிவியாவில் ஜூலை. மழை விட்டபாடில்லை.
நர்ஸ் யாஸ்னா முன்னே, நான் பின்னே,
மரப்படிகள் இருபத்திரண்டு.
கதவைத் திறந்தவர் அனிசெத்தோ,
கப்பல் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் வெல்டர்.
எங்கள் கணக்கில் எண் பதினேழு.
நாற்பத்தொரு நாளாகத் தொடர்ந்து 'நலம்'.
திட்டத்தின் செல்லப்பிள்ளை.

யாஸ்னா மட்டும் நம்பவில்லை.
"நலமாக இருக்கிறவர் வீட்டில்
ரொட்டி இப்படியா பூசணம் பிடிக்கும்?" என்றாள் என் காதில்,
ஈரச் சப்பாத்தை அடுப்போரம் சாய்த்தபடி.

திரை, கிளிக்கூண்டைப் போலத்
துணி போர்த்தி மூலையில் கிடந்தது.
ராத்திரியில் அதன் விளக்கு கண்ணைக் குத்துகிறதாம்.
மூன்று கூட்டம் போட்டுத் தேர்ந்த பச்சை அது.
எங்களில் ஒருவரும்
இருட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

வழக்கம்போல் செய்யுங்கள் என்றேன்.
துணியை மடித்தார். கண்ணாடியைத் தேடினார்.
ஐந்து முகங்கள் எழுந்தன.
விரல் தயங்காமல் கடைசி முகத்துக்குப் போனது,
வாய் கீழே வளைந்த அதற்கு.
அழுத்தினார்.
தீப்பொறி தின்று காய்த்துப்போன விரல்;
திரைக்கு அது விரலாகவே படவில்லை.
மறுபடி அழுத்தினார். நகம் வெளுத்தது.
ஏழு, எட்டு, ஒன்பது.
பத்தாவது நொடியில்
நடு முகம் தானாகச் சிரித்தது.
நன்றி அனிசெத்தோ, பதிவாகிவிட்டது!

அந்த வரியை எழுதியது நான்.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று.
அட்டவணையில் வெற்றுக் கட்டம் இருக்கக்கூடாது என்றார்கள்.
எதையாவது போடவேண்டும். போட்டேன்.

"தினமும் இப்படித்தானா? சொல்லியிருக்கலாமே?"
"சொன்னேனே," என்றார், "தினமும்.
அதுதான் ஒத்துக்கொள்வதில்லை.
படித்தவர்கள் செய்தது, என்னைவிட அதற்குத் தெரியும்.
நலமாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது
எனக்குத்தான் மறந்துபோயிருக்கும் என்று
விட்டுவிட்டேன்."

யாஸ்னா என் பக்கம் திரும்பவில்லை.
அது அவள் செய்த உபகாரம்.
மாத்திரைகளை எண்ணினாள். திரிந்த பாலைக் கொட்டினாள்.
பிறகு ஸ்டூலை இழுத்து
அவர் முட்டிக்கு எதிரே உட்கார்ந்து
"எப்போதிலிருந்து?" என்றாள்.

பத்து நொடி போனது.
இன்னொரு பத்து.
விறகின் ஈரம் சீறியது.
அவருக்காக யாரும் எதையும் நிரப்பவில்லை.

கிளம்பும்போது கையை நீட்டினேன்:
எவ்வளவு பலமாக அழுத்துவீர்கள், காட்டுங்கள்.
வேலைக்கு வேண்டிய கேள்விதான்.
புறங்கையில் அழுத்தினார்.

பஸ் வரும்வரை
அந்த இடம் சிவந்தே இருந்தது.