இரத்துக்கான காரணம்

பாயான் பாரு, மூன்றாவது தளம்.
கையில் 2047. திரையில் 2031.
குளிர்சாதனம் என் கழுத்தை மட்டும்
தேர்ந்தெடுத்து ஊதுகிறது.

பன்னிரண்டாம் முகப்பில் வெய் சியாங்.
ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
யோ… கா… மாலார் என்று
என்னை மூன்றாக உடைத்துக் கூப்பிடுகிறான்.
நான்தான், தம்பி.

இன்னும் பதினொரு மாதம் இருக்கிறதாம்.
மாதம் ஐம்பத்து நான்கு வெள்ளி.
பெருக்கிச் சொல்ல அவனுக்குக் கணினி வேண்டியிருந்தது,
எனக்கு நேற்றிரவே மனப்பாடம்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
டிரெஸ்டன் குளிருக்கு ஒரு நல்ல கோட்டு
அந்த விலைக்குக் கிடைக்கும் என்று
எனக்கு முன்னால் போனவள் சொல்லியிருந்தாள்.

காரணம் என்ன, என்கிறான்.
பெட்டியில் நான்குதான் உண்டு.
விலை. அலைவரிசை. சேவை. இறப்பு.
வெளிநாடு இல்லையா?
தேடினான். இல்லை.
இறந்திருந்தால் அபராதம் கிடையாது அக்கா,
சான்றிதழ் மட்டும் போதும்,
என்று தள்ளுபடியைச் சொல்கிற குரலில் சொன்னான்.

எங்கள் வீட்டில் போறேன் என்று சொல்லி
யாரும் வாசல் தாண்டியதில்லை.
போயிட்டு வர்றேன்.
போய்விட்டார் என்றால் அது வேறு,
அதற்குத்தான் சான்றிதழ்.
இதை அவனுக்கு மலாயில் விளக்கப் பார்த்தேன்.
அவன் ‘சேவை’யை அழுத்தினான்.

மாதம் பத்து வெள்ளி கட்டி
எண்ணைத் தூங்க வைக்கலாமாம்.
தூங்கும் எண்ணுக்கு அழைப்பு வருமா?
வராது.
அப்புறம் எதற்கு.

தொண்ணூறு நாள் கழித்து
வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம்.
தெரியும்.
எனக்கும் அப்படித்தான் வந்தது
ஹம்சா என்றொருவனிடமிருந்து.

ஹம்சாவை நான் பார்த்ததில்லை.
அவன் மோட்டார் கடனில் நான்கு தவணை பாக்கி.
பாலர் பள்ளியில் மகனுக்குக் காய்ச்சல்,
வந்து கூட்டிப் போங்கள்.
பல் மருத்துவர் இரண்டு முறை காத்திருந்தார்.
எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது.
வங்கிக்காரனோடு ஓராண்டு சண்டை.
மெல்ல எல்லோரும் ஓய்ந்தார்கள்,
கூலிமிலிருந்து ஒரு பெண்ணைத் தவிர.

பெருநாளுக்கு முந்திய இரவு கூப்பிடுவாள்.
பழைய வீட்டுத் தொலைபேசி, திரையில் எண் விழாது.
முதல் வருடம், தவறான எண் என்றேன்.
இரண்டாம் வருடம் அவளே மன்னிப்புக் கேட்டாள்.
மூன்றாம் வருடம்,
அவன் இல்லையென்று தெரியும்,
ரெண்டாங் தீய்ந்துவிடும், கையை எடுக்க முடியாது,
நீ சாப்பிட்டாயா?
என்றாள்.
அதற்கப்புறம் ஐந்து பெருநாள்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும்.

மற்றவர்களுக்கென்ன,
எந்த எண்ணுக்கு மாறினாலும் வாட்சாப்பில்
காலை வணக்கப் பூவோடு வந்துவிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.
சின்னச் சின்னக் கோடுகள் நான்கும்
ஒன்றாக அணைந்தன.
போயிட்டு வர்றேன், என்றேன் பழக்கத்தில்.
அவன் அடுத்த எண்ணை அழுத்தினான்.

கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் கட்டை வழிமறிக்கிறது.
காசு வாங்காது. செயலிதான்.
செயலியில் மூன்று வெள்ளி போட
ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறார்களாம்,
சற்றுமுன் யாருடையதும் இல்லாமல் போன ஓர் எண்ணுக்கு.

பின்னால் மைவி ஹாரன் அடிக்கிறது.
அடித்துக்கொள்ளட்டும்.
இனி வரப்போகிறவரே,
ஆணோ பெண்ணோ, எந்த மொழியோ,
பெருநாளுக்கு முந்திய இரவு எண் தெரியாமல் மணியடித்தால்
எடுங்கள்.
ஹம்சா இல்லை என்று சொல்ல வேண்டாம், அவளுக்குத் தெரியும்.
யோகமலர் இல்லை என்றும் சொல்ல வேண்டாம்,
அது அவளுக்குத் தெரியாது.
சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்,
சாப்பிடாவிட்டாலும்.

நேப்பாளக் காவலர் ஓடி வந்தார்.
செத்த போனைக் காட்டினேன்.
ஒரு நிமிடம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.
கட்டையைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு,
அவருக்குத் தெரிந்த ஒரே தமிழில்,
போ, என்றார்,
போ, போ.