உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

பீல் நகரில் தெருப்பெயர் ஒவ்வொன்றும் இரண்டு மொழியில்.
ஜெர்மன் மேலே, பிரெஞ்சு கீழே.
மூன்றாம் மொழிக்காரியும் நான்காம் மொழிக்காரனும்
ரயிலடிக்கு எதிரே, கோப் உணவகத்தில்,
வியாழன்தோறும்,
ஒரே தட்டு உருளைக்கிழங்கு வறுவலுக்கு இருபுறம்.

லமீஸ் பஸ்ராக்காரி.
தபால் கிடங்கில் பொதி பிரிக்கிறாள்.
வேலைக்கு முன் இருட்டில் எழுதிய நாவல்
பெய்ரூட்டில் அச்சாயிற்று.
விற்றது முந்நூற்றுச் சொச்சம்.
திருட்டுப் பிடிஎஃப் நாற்பதாயிரம் பேரிடம்.
"என் வாசகர் எல்லாரும் கள்வர்" என்பாள்,
"அதிலும் சிலர் அச்சுப்பிழை திருத்தி அனுப்புகிறார்கள்."

எனக்குத் தெரிந்தது மத்ரஸா அரபு.
அதில் சொர்க்கத்தின் ஆறுகளுக்குச் சொல் உண்டு.
லிஃப்டுக்கு இல்லை, ஜாமீனுக்கு இல்லை,
கணவன் சட்டைப்பையில் அகப்பட்ட
இரண்டு சினிமாச் சீட்டுக்கு இல்லை.
உயிர்க்குறி இடாத அவள் பக்கங்களைப்
புள்ளியிடாத ஓலைபோல் தடவித் தடவிப் படித்தேன்.

நாவல் முழுக்க அடுத்த வீட்டுக்காரியோடு பேச்சு.
நீ, நீ, நீ. பெயர் கிடையாது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளிடமே சொல்கிறாள்:
நஹ்னு கரஜ்னா.
வினையே போதுமான இடத்தில்
வலிந்து ஒரு நஹ்னு.

நாமா? நாங்களா?

இருவர்க்கென்றே தனி விகுதி வைத்திருக்கும் இலக்கணம் அது.
நஹ்னுவுக்கு மட்டும் கதவு ஒன்றுதான்,
யார் நுழைந்தார், யார் வெளியே நின்றார் என்று கேட்காத கதவு.
நான் விளக்கினேன்:
நாம் என்றால் அவளும் உங்களோடு வெளியேறினாள்.
நாங்கள் என்றால்
அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

லமீஸ் முள்கரண்டியை வைத்தாள்.
"பதினோரு வருஷம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தேன்.
உன் மொழி என்ன, போலீஸா?"

பிறகு கேட்டாள்,
"உங்கள் ஊரில் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்?"
யாழ்ப்பாணம், சோனகத்தெரு, தொண்ணூறு, ஐப்பசி.
ஒலிபெருக்கி வரும்வரை நாம்.
இரண்டு மணி நேர அவகாசத்துக்குப் பிறகு
நாங்கள்.
உடுத்த துணியோடு போன சொல்.
அதே தமிழ்தான், இருபக்கமும்.
இதை அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை.
வறுவல் ஆறிவிட்டது என்றேன்.

பில்லின் பின்புறம் இரண்டையும் எழுதித் தரச் சொன்னாள்.
படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்:
ஒன்று இரண்டெழுத்து, மற்றது நான்கு.
மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
ஆறு பதினேழு ரயிலுக்கு ஓடினாள்.

அடுத்த மூன்று வியாழனும் வரவில்லை.
எழுவாயை விட்டுவிட்டால் என்ன என்று
திருடன்போல் யோசித்தேன்.
வெளியேறினோம்.
'ஓம்' யாரையும் காட்டிக்கொடுக்காது.
தோன்றா எழுவாய்; இலக்கணத்திலேயே இடம் உண்டு.

நான்காம் வியாழன் கைப்பேசியில் குறுஞ்செய்தி:
"பக்கம் 112. நீளமானது."
நான் பதில் தட்டி முடிப்பதற்குள் இன்னொன்று:
"கடைசிப் பக்கத்தில் ஒரு 'திரும்பினோம்' வரும்.
அங்கே ஒன்றும் போடாதே.
அவள் வந்தாளா என்று எனக்கே தெரியாது."