ஆறாவது கிண்ணம்

லீட்ஸில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
ஐந்து இடுப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன.
உடம்பில்லை, பாதமில்லை, போய்ச் சேர ஊருமில்லை.
கோபால்ட் உருண்டை, பாலிஎத்திலீன் கிண்ணம்,
இடையே மசகாகக் கன்றுக்குட்டியின் சீரம்,
அது அழுகாதிருக்கத் துளி நஞ்சு.
நொடிக்கு ஓரடி.
பதினோரு நாளும் கொஞ்சமும் ஆனால் பத்து லட்சம்.
ஒரு மனுஷரின் ஒரு வருஷ நடை என்று கணக்கு.
யார் அந்த மனுஷர் என்று நான் கேட்டதில்லை.
ஹெடிங்லி பஸ்ஸைப் பிடிக்க
ஒருநாளும் ஓடாதவர் போலும்.

ஆறாவது நடக்காது.
அதே சீரம், அதே சூடு,
அதே பாரம் தலைமேல் ஏறி இறங்கும்.
அசைவு மட்டும் கிடையாது.
பிளாஸ்டிக்கும் நீர் குடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு:
நடப்பவை தேய்ந்த எடையைக்
குடித்த எடை மூடிவிடும்.
சும்மா இருந்தது எவ்வளவு கனத்தது என்று தெரிந்தால்தான்
நடந்தவை இழந்ததைச் சொல்ல முடியும்.
ஹேசல் ராம்ஸ்டன் அதற்குப் 'பென்ஷன்காரர்' என்று பெயரிட்டிருக்கிறாள்.
திங்கட்கிழமைகளில்
அவளுடைய முதல் குட்மார்னிங் அவருக்குத்தான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
சரி, எத்தனை எறும்பு? என்ன கல்?
ஊர்ந்தது நேராகவா, குறுக்கும் நெடுக்குமாகவா?
இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முன்பு முன்னும் பின்னுமாக மட்டும்
தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள்.
தேயவே இல்லை, ஏறக்குறைய.
ஒரே திசையில் போகப்போக
உள்ளிருக்கும் இழைகள் எண்ணெய் வைத்து
வாரிய முடிபோல் படிந்துவிடும்;
படிந்தது கெட்டிப்படும்.
குறுக்கே ஒரு சின்னத் திருப்பம் வேண்டும்,
ஐந்தாறு பாகை போதும்,
அப்போதுதான் பிய்யத் தொடங்கும்.

பிப்ரவரியில் ஒரு டப்பா வந்தது.
பதினேழு வருஷம் ஒருவருக்குள் இருந்துவிட்டு
வெளியே வந்த கிண்ணம்.
பெயர் இல்லை. பெண், எண்பத்தொன்று,
மாதிரி எண் 0463.
பழைய பியானோக் கட்டையின் மஞ்சள்.
எங்கள் கணக்கு சொன்ன இடத்தில் பள்ளம் இல்லை;
சற்றுப் பின்னால், ஆழமாக,
கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று
எல்லாத் திசையிலும்.
ஹேசல், "நடனமாடியிருக்கிறாள், சனிக்கிழமைதோறும்" என்றாள்.
நான், "குறுகிய சமையலறை,
அடுப்புக்கும் தொட்டிக்கும் ஒன்றரை அடி" என்றேன்.
தேநீர் ஆறும்வரை சண்டை.
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
செயல்பாடு, மிதமானது.

ஏப்ரலில் ஓர் இரவு
மூன்றாவது நிலையத்தில் கசிவு, போனில் அலறல்.
மழையில் வுட்ஹவுஸ் லேன் ஏறி வந்தேன்.
எல்லாம் நின்றிருந்தது.
ஒன்பது வாரமாகக் கேட்டுக் கேட்டுக் கேளாமல் போன சத்தம்
நின்றபிறகுதான் கேட்டது.
காய்ந்த சீரம் விளிம்பில் பாலாடைபோல் ஒட்டியிருந்தது.
துடைத்தேன், புது வளையம் இட்டேன்.
மேசைக்கும் எந்திரத்துக்கும்
எந்திரத்துக்கும் மேசைக்கும்
எத்தனை முறை திரும்பினேன் என்று
ஏனோ எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டேன்.
எண்காட்டி விட்ட இடத்திலிருந்து
26,14,009 என்றது.

முப்பது லட்சத்தில் நிறுத்தினோம்.
கழுவி, உலர்த்தி, இரண்டு நாள் காத்து,
தராசறைக் கதவை மூடி
மூச்சை அடக்கி எடை போட்டேன்.
முதலாவது அறுபத்திரண்டு மில்லிகிராம் இழப்பு.
மூன்றாவது எழுபத்தொன்று, கசிவின் தயவில்.
பென்ஷன்காரர் 0.9 கூடியிருந்தார்.
அதை ஐவரின் இழப்போடும் சேர்த்து எழுதினேன்.

அடுத்த வரி 0463.
நடக்காமல், திரும்பாமல்,
அதே சூட்டில், அதே பாரத்தின் கீழ்
பதினேழு வருஷம் சும்மா இருந்த இன்னொருத்தி
அவளுக்கு இல்லை.
கட்டத்தில் கோடு போட்டேன்.
ஹேசல் எட்டிப் பார்த்து,
"வால்ட்ஸ்" என்றாள்.