பெறுபவர்

அந்த ஜன்னல் நான்தான்.
பதினான்கு ஆண்டுகள்.
முழங்கை அகலத்தில் ஒரு திறப்பு,
கம்பிக்கு இந்தப் பக்கம் அடுப்பு,
அந்தப் பக்கம் மங்கோலியா.

பத்துப் பேர் வந்தால்
நான்கு பேரைத் திருப்பி அனுப்புவேன்.
நகல் இல்லை.
முத்திரை மங்கல்.
கையெழுத்துப் போடும் லுவ்சன்தோர்ஜ்
தலைநகரில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்,
திங்களன்று வா.
எந்தத் திங்கள் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

நெர்குய்யை மூன்று முறை திருப்பினேன்.
எங்கள் மொழியில் நெர்குய் என்றால்
பெயரில்லை.
அவனுக்கு முன் பிறந்த இரண்டையும்
தூக்கிப்போன ஆவிகள்
இந்தக் கூடாரத்தில் யாருமில்லை என்று
ஏமாந்து போகட்டுமென
பெற்றவர்கள் வைத்தது.
ஆவிகள் ஏமாந்தன.
நான் ஏமாறவில்லை.

"பெயர் என்ற இடத்தில் பெயரை எழுதப்பா"
என்றேன் முதல் முறை, விளையாட்டாய்.
வரிசை சிரித்தது.
நூற்றெழுபது கிலோமீட்டர் பைக்கின் புகை
அங்கியில் மணக்க மணக்க
அவனும் சிரித்தான்.
இரண்டாம் முறை நகல் இல்லை.
மூன்றாம் முறை எனக்குப் பசித்தது,
அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தினேன்.

அந்தக் கொடும்பனியில்
தீவனம் பெற்றோர் பட்டியலில் அவன் இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்
நின்றபடி உறைந்தன என்றார்கள்.
அந்த எண்ணைக் குறித்துவைக்க
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.
அதனால் மனப்பாடம் ஆகிவிட்டது.

பிறகு திரை வந்தது.
நீலத் துணி கட்டி விழா எடுத்தார்கள்.
நேரம் மிச்சமாகும் என்று பேசினார்கள்.
என் நேரத்தைச் சொல்கிறார்கள் என்று
கைதட்டினேன்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
காலையில் திறந்தால்
இரவு பதினொன்றே காலுக்கு வந்த ஒரு விண்ணப்பம்:
அறுபது கட்டு வைக்கோல்.
பெயர்: நெர்குய்.
எங்கள் லிபியில் ஆறு எழுத்து.
எழுத்துகளை எண்ணியது, எடுத்துக்கொண்டது.
அர்த்தம் தெரியாத அந்தப் பெட்டிக்குச்
சிரிக்கத் தெரியவில்லை.
நகலும் கேட்கவில்லை.
அவன் பிறந்ததை, மணந்ததை,
டிசம்பரில் எண்ணிய ஆட்டுக் கணக்கை
வேறு வேறு அலுவலகங்களின் அலமாரிக்குத்
தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.
நான்கு நிமிடம்.
தேநீரில் நான் உப்புக் கலக்கும் நேரம்.

அவன் முகாமில் சிக்னல் இல்லை.
ஓவோ கற்குவியல் உள்ள மேட்டில் மட்டும்
இரண்டு கோடு.
வலமாக மூன்று சுற்று,
மேலே ஒரு கல்,
பிறகு கையுறையைக் கழற்றி
பேட்டரி உறைவதற்குள் அழுத்தியிருப்பான்.
ஒரே இரவில் மலையிடமும் அரசிடமும்
கேட்டிருக்கிறான்.
யார் முதலில் கேட்டுக்கொண்டது என்று
என் திரையில் பதிவு இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
செவெல்மாவின் விரலை அது ஏற்கவில்லை.
பால் கறந்து, சாணம் பொறுக்கி
ரேகை தேய்ந்த பத்து விரல்கள்.
மீண்டும் முயலவும்.
மீண்டும் முயலவும்.
கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தேன்,
என்னுடையது.
ஜீப்பை எடுத்துக்கொண்டு
அவள் கூடாரத்துக்கே போய்
கையால் எழுதிக் கையெழுத்திட்டேன்.
மிச்சமான நேரம் அதற்கு ஆயிற்று.

வைக்கோல் லாரி வியாழனன்று கிளம்பியது.
பாதி வழியில் ஓட்டுநர் கூப்பிட்டான்:
"அக்கா, ரசீதில் பெறுபவர் பெயரில்லை என்று இருக்கிறதே,
திரும்பி வந்துவிடட்டுமா?"

பின்னால் காற்று இரைந்தது.
"அதுதான் அவர் பெயர்" என்றேன்.
"வண்டியை எடு."