பாக்கியம் இல்லை

பஸ் பலகையில் பெஸ்தாரி ஜெயா.
ஏறுகிறவர்கள் கேட்பதோ
இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
இரண்டும் ஒரே ஊர் என்று டிரைவருக்குத் தெரியும்,
என் நிரலுக்குத் தெரியாது.

தோட்ட ஆபீஸ். ஏர்கோன் சொட்டுகிற தண்ணீரை
மைலோ டின் ஒன்று வாங்கிக்கொள்கிறது.
திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
தீபாவளி முன்பணத்துக்கு.

முதலில் தளர்வாகத்தான் தேடினேன்.
வேலு என்று கேட்டேன்:
தங்கவேலு வந்தான், வேலுசாமி வந்தான்,
மூன்றாம் டிவிஷன் கதிர்வேலு
கையை நீட்டிக்கொண்டே வந்தான்.
வெறும் வேலு, உரம் போடுகிற வேலு,
கூட்டத்தில் எங்கோ நசுங்கி நின்றான்.

ஆகவே கறாரானேன்.
தலையெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை
அப்படியே இருந்தால்தான் ஆள்.
ஒரு புள்ளி குறைந்தாலும் போய் வா.

மூன்று மணிக்கு ஜன்னலில் பாக்கியம்.
உதிரிப்பழம் பொறுக்கிய விரல்,
நகக்கண்ணில் ஆரஞ்சு எண்ணெய்.
"எல்லாருக்கும் வந்துருச்சாமே?"
தட்டினேன். வந்ததை அப்படியே படித்தேன்:
பாக்கியம் இல்லை.
"அது தெரிஞ்சதுதானே, காசைச் சொல்லும்மா."

எனக்கு ஒற்றின் மேல் சந்தேகம்.
எந்தக் கிராணியாவது அந்தக் க்-ஐ விழுங்கியிருப்பான்.
இல்லை. இரண்டு பட்டியலிலும்
புள்ளியோடு உட்கார்ந்திருந்தது.
பெயருக்குப் பின்னால்
கண்ணுக்குத் தெரியாத இடைவெளி
வாலாக ஒட்டியிருக்குமோ?
நறுக்கிப் பார்த்தேன், வாலும் இல்லை.
எழுத்துக்கு எழுத்து
பாக்கியம் பாக்கியமேதான்.

செம்பனை லாரி ஒன்று
எடைமேடை ஏறி இறங்கும்வரை
சும்மா இருந்தேன்.

பிறகு வேறு மாதிரி கேட்டேன்:
இருக்கிறாளா என்றல்ல,
எத்தனையாவது இடத்தில் என்று.
பூஜ்யம் என்றது.

பெரட்டுக் கணக்கிலிருந்து எடுத்த பட்டியல் அது.
விடியாத ஐந்தரைக்கு
முதலில் வந்து பெயர் கொடுப்பவள் அவள்.
முதல் ஆளைச் சுழியில் நிறுத்திவிட்டு
அடுத்தவனிடமிருந்துதான் ஒன்று என எண்ணும் இந்த இயந்திரம்.
அது சரியாகத்தான் கண்டுபிடித்தது,
சரியாகத்தான் சொன்னது.
பூஜ்யம் வந்தால் ஆள் இல்லை என்று
எழுதி வைத்தவள் நான்.

ஒரே ஒரு குறியை மாற்றினேன்.
சுழிக்கும் கீழே போனால் மட்டும் இல்லை.

பாக்கியம் காசை எண்ணினாள், இரண்டு தடவை.
"ஏன் எனக்கு மட்டும்?"
"நீங்கதான் முதல் ஆளு. அதனால."
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப நாளைக்கு லேட்டா வரட்டுமா?"